அக்குள் நெறி எடுத்த கையில் வீக்கம்: நிணநீர் மசாஜை வீட்டில் எப்படிச் செய்வது?

பாலக்கோடு மல்பெரி:

அத்தைக்கு (மாமியார்) வயசு 56. இடது மார்பக அறுவை முடிஞ்சு 14 மாசம். அக்குள்ல 17 நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருக்காங்க, அப்புறம் 25 நாள் ரேடியேஷன். அஞ்சு மாசமா இடது கையில வீக்கம். காலையில குறைவா இருக்கு, சாயங்காலம் கனத்துப் போகுது. விரலை வச்சு அழுத்தினா குழி விழுது. டாக்டர் டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்) எடுத்துப் பார்த்து ரத்தக்கட்டு இல்ல, நோயும் திரும்பல, இது நிணநீர் வீக்கம்னு சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்க ஒரு தடவை செஞ்சு காட்டினாங்க. தூசி தட்டுற மாதிரி அவ்வளவு லேசா இருந்துச்சு. இதுல வீக்கம் எப்படி வடியும்னு வீட்ல யாருக்கும் நம்பிக்கை வரல. ஒகேனக்கல்ல நல்லா எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

அளவு எடுத்து வச்சிருக்கேன். மணிக்கட்டு முட்டி எலும்புல ஆரம்பிச்சு 4 செ.மீ.க்கு ஒரு இடம், மொத்தம் 10 இடம்:

இடது: 17, 18.5, 21, 23.5, 25.5, 26.5, 28, 29, 30, 31
வலது: 16.5, 17.5, 19.5, 21.5, 23.5, 25, 26, 27, 28.5, 30

கேட்க வேண்டியது: எண்ணெய்த் தேய்ப்பும் இதுவும் ஒண்ணா? வீட்ல செய்யறதா இருந்தா எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் தள்ளணும், எத்தனை தடவை? மசாஜ் மட்டும் போதுமா, கட்டும் போடணுமா? பட்டுப்புழு வளர்க்கிற வீடு, தழை வெட்டுறது அத்தைதான். அதை நிறுத்தணுமா?

தகடூர் பிசியோ:

ஒகேனக்கல் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம். அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சு உருவி விடுறது சதைக்கான வேலை. உடம்பு வலிச்சுப் போனவங்களுக்கு அதுல சுகம் உண்டு, குறை சொல்லல. ஆனா நெறி எடுத்த கையை அந்த மாதிரி அழுத்தி உருவினா ரெண்டு கெடுதல். தேய்க்கத் தேய்க்க அந்த இடத்துல ரத்த ஓட்டம் கூடும். ரத்தக்குழாய்ல இருந்து கசியுற நீரும் கூடும். வெளியேற வழி இல்லாத கைக்கு இன்னும் நீரை இறைச்ச மாதிரி. அடுத்தது, தோலுக்கு நேர் கீழே இருக்கிற நிணநீர் நுண்குழாய் ரொம்ப மெல்லிசு. அழுத்தினா நசுங்கும், தாறுமாறாத் தேய்ச்சா சேதமாகும்.

லேசான கை ஏன் வேலை செய்யுதுன்னா, நிணநீருக்கு (அந்தக் கசிவு நீர் நுண்குழாய்ல சேர்ந்தா அதுதான் நிணநீர்) இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. குழாய் தானே சுருங்கி விரியறது, பக்கத்துச் சதை அசையறது, மூச்சு இழுத்து விடறது, இதுலதான் நகருது. நுண்குழாயோட சுவர்ல இருந்து மெல்லிய நார்கள் போய்ச் சுத்தியிருக்கிற திசுவைப் பிடிச்சிருக்கும். தோலை லேசா இழுத்தா நார் இழுபடும், குழாய் வாய் திறக்கும், நீர் உள்ள போகும். விட்டா வாய் மூடும், நீர் முன்னாடி நகரும். அதனால இந்த மசாஜ்ல "இழு" எவ்வளவு முக்கியமோ "விடு"வும் அவ்வளவு முக்கியம். எண்ணெயே வேண்டாம். எண்ணெய் போட்டா கை வழுக்கும், தோல் இழுபடாது.

அழுத்தம் எவ்வளவுன்னு பாதரச மில்லிமீட்டர்ல சொன்னா வீட்ல ஒண்ணும் புரியாது. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில (புழு கூடு கட்டுற தட்டு) விடுவீங்களே, அந்தக் கை. களி கிண்டுற கை இல்ல. விரலைத் தட்டையா வச்சு, தோலோட ஒட்டி, தோல் எவ்வளவு தூரம் தானா வருதோ அவ்வளவு நகர்த்தி, முழுசா விட்டுடணும். விரல் தோல் மேல வழுக்கக் கூடாது. அடியில எலும்போ சதையோ கைக்குத் தட்டுப்பட்டா அழுத்தம் அதிகம். முடிஞ்சதும் தோல் சிவந்திருந்தா அதிகமோ அதிகம். ஒரு இழுப்பும் விடுப்பும் சேர்ந்து ரெண்டு மூணு விநாடி ஆகணும். பத்து பேர்ல ஒன்பது பேர் தப்பு பண்றது வேகத்துலதான்.

வரிசை. ஏரி நிரம்பி நிக்குது, கால்வாய் தூர்ந்து கிடக்குது. மதகைத் திறந்துட்டு அப்புறம் கால்வாயைத் தூர்வாருவோமா? கையைத் தொடறதுக்கு முன்னாடி நீர் போற வழியைத் திறக்கணும். நிணநீர் கடைசியாப் போய் ரத்தத்துல சேர்ற இடம் கழுத்தடியில, காறை எலும்புக்குப் பின்னால. உடம்போட முக்கால் பங்கு நிணநீர் இடது பக்கத்துல சேருது. வலது கை, வலது மார்பு, தலையில வலது பாதி இதெல்லாம் மட்டும் வலது பக்கம்.

அத்தையைச் சாய்ஞ்ச மாதிரி படுக்க வச்சு, இடது கைக்கு அடியில ஒரு தலையணை வைங்க. வயித்து மேல அவங்க கையை வச்சு அஞ்சு தடவை ஆழமா மூச்சு. வயிறு மேல வரணும், தோள் தூக்கக் கூடாது. அடுத்து காறை எலும்புக்கு மேல இருக்கிற குழி, ரெண்டு பக்கமும். தோலை உள்பக்கமாவும் கீழாவும் இழுத்து விடுங்க, 10 முதல் 15 தடவை. அப்புறம் வலது அக்குள், அதாவது நல்ல அக்குள், உள்ளங்கையைத் தட்டையா வச்சு மேல்நோக்கி 15. அதுக்கப்புறம் இடது தொடை இடுக்கு, வயித்தை நோக்கி 15. இந்த ரெண்டும்தான் நீங்க திறக்கிற மாற்று வழி. இடது அக்குள்ல நெறி இல்ல, அங்க தள்ளினா நீர் முட்டி நிக்கும். வீட்ல செய்யறவங்க பாதி பேர் பழக்கதோஷத்துல அந்த அக்குளுக்கே தள்ளிட்டு "பலன் இல்ல"ன்னு விட்டுடறாங்க.

இப்ப நெஞ்சு. வலது அக்குளுக்குப் பக்கத்துல ஆரம்பிங்க. தள்ளுறது எப்பவும் வலது அக்குளை நோக்கி, ஆனா கை வைக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகரணும். ஒரு இடத்துக்கு 5 முதல் 7 தடவை. இடது பக்கம் வந்து சேர்ந்ததும் மொத்த வழியையும் ரெண்டு தடவை கை மாத்தி மாத்தி வலது பக்கம் கொண்டு போங்க. இடது விலாவும் இதே மாதிரிதான்: இடுப்புல இருந்து ஆரம்பிச்சு மேல ஏறணும், தள்ளுறது கீழே தொடை இடுக்குக்கு. முதுகுல இடது தோள்பட்டைப் பலகையில இருந்து வலது அக்குளுக்கு. இது அவங்களால முடியாது, நீங்கதான் செய்யணும். தழும்பு மேல கை போக வேண்டாம், ஒட்டினாப்ல சுத்திப் போங்க. ரேடியேஷன் பட்ட தோல் உரியுது, சுடுது, சிவந்திருக்குன்னா அந்த இடத்தை விட்டுடணும்.

இவ்வளவும் முடிஞ்சாதான் கை. அதுலயும் மேல் கை முதல்ல. உள்பக்கத் தோலை வெளிப்பக்கமா நகர்த்துங்க, வெளிப்பக்கத்துல இருந்து தோள் மேட்டைத் தாண்டிக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும். அப்புறம் முழங்கை மடிப்பு, முன்கை, புறங்கை, கடைசியா விரல். ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் அங்கிருந்து தோள் வரைக்கும் ஒரு தடவை வழியனுப்பிட்டுத்தான் அடுத்த பகுதிக்கு இறங்கணும். கடைசியா நெஞ்சு, விலா, கழுத்து திரும்ப ஒரு சுத்து, மூச்சு அஞ்சு. 30 நிமிஷம் ஆகும். இதுல கைக்குப் போறது 10 நிமிஷம்தான். "கைதானே வீங்கியிருக்கு, நெஞ்சுல என்ன பண்றீங்க"ன்னு எல்லாருமே கேட்பாங்க. சொன்னேனே, கால்வாய்.

சூளகிரிச் செவிலி:

தகடூர் சொன்ன வரிசை சரி. ஆனா கழுத்துக்கு ஒரு நிபந்தனை விட்டுப் போச்சு. தைராய்டு அதிகமாச் சுரக்கிறவங்க, கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிறவங்க, இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கிறவங்க கழுத்தைத் தொடவே கூடாது. 60 தாண்டினவங்களுக்கு டாக்டரைக் கேட்டுட்டுத்தான். காறை எலும்புக் குழி தவிர, கழுத்தோட பக்கவாட்டுல நாடி துடிக்கிற இடத்துல யாருக்குமே வேண்டாம், மயக்கம் வரும். கழுத்து ஆகாதவங்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தோளை மெதுவாச் சுழற்றுறதும் போதும்.

மசாஜே ஆகாத நாளும் உண்டு. கை திடீர்னு சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தா அது தோல் தொற்று, செல்லுலைட்டிஸ். அன்னைக்கு மசாஜும் இல்ல, கட்டும் இல்ல. அன்னைக்கே டாக்டர், அன்னைக்கே ஆன்டிபயாட்டிக். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடுற விஷயம் இல்லம்மா இது. ஒவ்வொரு தொற்றும் மிச்சம் இருக்கிற குழாயையும் கொஞ்சம் கெடுத்துட்டுத்தான் போகும். அதே மாதிரி கை முழுக்க ஒரே நாள்ல வலியோட வீங்கி நீலம் பாய்ஞ்சா ரத்தக்கட்டான்னு பார்க்கணும். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கறவங்களுக்கு இந்த மசாஜ் ஆபத்து, ஏன்னா நீங்க தள்ளுற நீர் அத்தனையும் போய்ச் சேர்றது இதயத்துக்கு.

புதுசா கட்டி தட்டுப்பட்டா, கை மரத்துப் போய் பலம் குறைஞ்சா, வலி ராத்திரி தூங்க விடலன்னா, மசாஜை நிறுத்திட்டு அறுவை செஞ்ச இடத்துல காட்டுங்க. நல்லா இருந்த கை காரணமில்லாம மோசமானாலும் அப்படித்தான்.

தென்பெண்ணை:

கட்டு பத்தி நான் சொல்றேன். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

மசாஜ் முடிஞ்சு வெறுங்கையா விட்டா வடிஞ்ச நீர் சாயங்காலத்துக்குள்ள திரும்பிடும். தோல் தொளதொளத்துப் போயிருக்கு, அதுக்கு ஒரு சுவர் வேணும். அந்தச் சுவர்தான் கட்டு. மருந்துக்கடையில "பேண்டேஜ் கொடுங்க"ன்னு கேட்டா கிரேப் பேண்டேஜ் கொடுப்பாங்க. அது சுளுக்குக்குப் போடறது. நல்லா இழுபடும், அதனால கை சும்மா இருக்கும்போதும் இறுக்கிக்கிட்டே இருக்கும், ராத்திரியில ஆபத்து. இதுக்கு வேண்டியது கொஞ்சமா மட்டும் நீளுற பேண்டேஜ். 'ஷார்ட் ஸ்ட்ரெச்'னு எழுதியிருக்கும். கை அசையாதப்ப அழுத்தம் குறைவு. கையை மடக்கி நீட்டும்போது சதை உப்பி அந்தச் சுவர்ல மோதும், நீர் நகரும்.

ஒரு கைக்கு: குழாய் மாதிரி பருத்தி உறை ஒண்ணு, விரலுக்கு 4 செ.மீ. அகல காஸ் (மெல்லிய வலைத்துணிச் சுருள்) ரெண்டு, பஞ்சுச் சுருள் இல்லன்னா மெல்லிய ஃபோம், அப்புறம் 6, 8, 10 செ.மீ. அகலத்துல ஷார்ட் ஸ்ட்ரெச் சுருள் ஒவ்வொண்ணு. மாத்திக் கட்ட இன்னொரு செட். துவைச்சு நிழல்ல தட்டையாப் போட்டுக் காய வைக்கணும், முறுக்கிப் பிழியக் கூடாது.

தோலுக்கு லோஷன் தடவி, உறை மாட்டி, விரல் ஒவ்வொண்ணுக்கும் காஸ். நகம் வெளிய தெரியணும். முழங்கை மடிப்புலயும் மணிக்கட்டுலயும் பஞ்சு கூடுதலா வைங்க, இல்லன்னா அங்க கயிறு மாதிரி அறுக்கும். 6 செ.மீ. சுருளைப் புறங்கையில ஆரம்பிங்க, விரலை விரிச்சு வைக்கச் சொல்லிட்டுத்தான் சுத்தணும். 8 முன்கைக்கு, 10 மேல் கைக்கு. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தைப் பாதி மூடணும். இழுவை கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே மாதிரி. கை மேல போகப் போகப் பருமன், அதனால அதே இழுவைக்கு அழுத்தம் தானாவே குறையும். மணிக்கட்டுல அதிகம், தோள்கிட்ட குறைவு, அதுதான் வேணும். மேல இறுக்கி கீழ தளர்த்திக் கட்டினா அவ்வளவுதான், புறங்கை பூரி மாதிரி உப்பிடும்.

கட்டி முடிச்சு அஞ்சு நிமிஷம் கையை மடக்கி நீட்டச் சொல்லுங்க. நகத்தை அழுத்தி விட்டா ரெண்டு விநாடியில சிவப்பு திரும்பணும். மரத்தாலோ, குத்தினாலோ, நுனி நீலமானாலோ உடனே பிரிங்க. "பழகிடும்"னு பொறுக்கவே கூடாது. நல்லா இருந்தா மறுநாள் மசாஜ் வரைக்கும் அப்படியே இருக்கட்டும், ராத்திரியும்.

முதல் ரெண்டு மூணு நாள் கட்டை பிசியோகிட்டயே கட்டிக்கோங்க. வாசிச்சுக் கத்துக்கிற வேலை இல்ல இது.

பாலக்கோடு மல்பெரி:

எல்லாருக்கும் நன்றி. தைராய்டு இல்ல, சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிடறாங்க. பிசியோ நேத்து கட்டிவிட்டாங்க. இன்னிக்கு காலையில மேல எல்லாம் வத்தியிருந்துச்சு, ஆனா விரல் மட்டும் கொழுக்கட்டை மாதிரி. கட்டு தப்பா? வாடகைக்குப் பம்ப் மெஷின் கிடைக்குது, கையை உள்ள விட்டா காத்தடைச்சு அழுத்துமாம், அது மசாஜை விட நல்லதா?

தென்பெண்ணை:

விரலுக்கு காஸ் சுத்தினாங்களா? பெரும்பாலும் நேரம் இல்லன்னு அதை விட்டுடுவாங்க. சுத்தியும் வீங்கினா மணிக்கட்டுல ஒரு சுத்து இறுக்கமா விழுந்திருக்கும், இல்ல பஞ்சு நகர்ந்து மடிஞ்சிருக்கும். பிரிக்கும்போது தோல்ல வரி விழுந்திருக்கான்னு பாருங்க. எங்க வரியோ அங்கதான் தப்பு. சர்க்கரை இருக்குன்னா விரல் இடுக்கை தினமும் பார்க்கணும். ஈரம் தங்கி வெள்ளை படிஞ்சா பூஞ்சை, கட்டுக்குள்ள அது வேகமாப் பரவும்.

பம்ப் தனியா வேண்டாம். நெஞ்சு, விலா வழியைத் திறக்காம காத்தழுத்தத்துல மேல தள்ளினா நீர் கையை விட்டுத் தோள்கிட்ட வந்து வளையம் கட்டி நிக்கும். மசாஜ் முடிச்சு, அழுத்தத்தைக் குறைச்சு (30லிருந்து 40 மி.மீ. பாதரசம் பக்கத்துல), கட்டுக்குத் துணையா வேணும்னா வைக்கலாம். அதுவும் பிசியோ சொன்னா.

கூட்டல் கழித்தல்:

உங்கள் அளவுகளை யாரும் கணக்குப் போடவில்லையே. நல்ல அளவுகள், வீணாக்க வேண்டாம்.

4 செ.மீ. இடைவெளியில் எடுத்ததால் கணக்கு எளிது. ஒவ்வொரு சுற்றளவையும் அதே எண்ணால் பெருக்குங்கள், பத்தையும் கூட்டுங்கள், 3.14ஆல் வகுங்கள். வருவது மில்லிலிட்டர். இடது கை: 6463, வகுத்தால் 2058. வலது கை: 5715.5, வகுத்தால் 1820. வித்தியாசம் 238 மி.லி., அதாவது ஒரு பெரிய டம்ளர். நல்ல கையை விட 13 சதவீதம் அதிகம். 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் லேசான வீக்கம் என்பது வழக்கமான கணிப்பு. அத்தை வலதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் இயல்பாகவே வலது கை சற்றுப் பருமனாக இருக்கும். ஆகவே உண்மையான வீக்கம் இதைவிடக் கொஞ்சம் கூடுதல். காலையில் குறைவாக இருக்கிறது, குழி விழுகிறது என்பவை நல்ல அறிகுறிகள். நாள் போகப் போக அங்கே கொழுப்பும் நாரும் படிந்து கை கெட்டியாகிவிட்டால் குழி விழாது, மசாஜுக்கும் அவ்வளவாக மசியாது.

வாரம் ஒரு முறை, காலையில் கட்டைப் பிரித்ததும், அதே பத்து இடத்தில், அதே ஆள் அளக்க வேண்டும். ஆள் மாறினால் டேப்பின் இழுவை மாறும்.

மசாஜின் பலன் பற்றி. இங்கே யாரும் மிகைப்படுத்தவில்லை, வெளியில் மிகைப்படுத்துகிறார்கள், அதனால் சொல்கிறேன். மார்பக அறுவைக்குப் பின் வரும் கை வீக்கத்தில் இந்த மசாஜைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2015ல் வந்தது. கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. மசாஜையும் சேர்த்தால் கூடுதலாகச் சுமார் 7 சதவீதம். இந்தக் கூடுதல் பலன், வீக்கம் லேசாக இருப்பவர்களுக்கே அதிகம் என்ற குறிப்பும் அதில் உண்டு. அத்தை அந்த வகைதான். ஆகவே முதல் இடம் கட்டுக்கு, மசாஜ் அதற்குத் துணை. நேரம் இல்லாத நாளில் எதை விடுவது என்ற கேள்வி வந்தால் மசாஜை விடுங்கள், கட்டை விடாதீர்கள்.

அளவில் தெரியாத பலன்களும் உண்டு: கனம் குறைவது, தோல் இளகுவது, வலி தணிவது, மசாஜின்போதே தூங்கிப்போவது. இவற்றை அற்பமாக நினைக்க வேண்டாம். ஆனால் ஓசூர், பெங்களூரு அழகு நிலையங்களில் இதே பெயரில் நச்சு நீக்கம், தொப்பைக் கரைப்பு என்று விற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிணநீர் உடலை விட்டு வெளியே போவதில்லை, கழுத்தடியில் ரத்தத்தில்தான் கலக்கிறது. கொழுப்பும் இதில் கரையாது. நலமான ஒருவருக்குத் தினமும் இரண்டு மூன்று லிட்டர் நிணநீர் யார் உதவியும் இல்லாமல் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முறை 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி பிரான்சின் கான் நகரில் உருவாக்கியது. நாள்பட்ட சளித் தொல்லையோடு வந்தவர்களின் கழுத்து நெறிகளில்தான் தொடங்கினார்கள். மசாஜ், கட்டு, தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி நான்கையும் சேர்த்து ஒரே சிகிச்சையாகக் கட்டமைத்தவர்கள் பின்னால் வந்த ஜெர்மனியின் ஃபோல்டி தம்பதி. தனி மசாஜாக எடுத்துக்கொண்டால் நான்கில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நீர் பிரியும் மாத்திரை வேண்டாம். அது தண்ணீரைத்தான் இழுக்கும். தேங்கிய நீரில் உள்ள புரதம் அங்கேயே இருந்து மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

வத்தல்மலைக் காற்று:

இடையில ஒரு கேள்வி. தெரிஞ்ச பெரியவர் ஒருத்தருக்கு யானைக்கால், வலது காலு. இதே மசாஜை இடுப்புல இருந்து ஆரம்பிச்சுச் செய்யலாமா?

சூளகிரிச் செவிலி:

அங்க முதல் வேலை மசாஜ் இல்ல, கழுவறது. தினமும் ரெண்டு வேளை சாதாரணத் தண்ணி, சாதா சோப்பு, மடிப்பு மடிப்பா விரல் விட்டுக் கழுவணும். வெந்நீர், பிரஷ், டெட்டால் கலந்த தண்ணி எதுவும் வேண்டாம். விரல் இடுக்கு, மடிப்பு எல்லாம் மெல்லிய துணியால ஒத்தி எடுத்து ஈரம் போகணும். வெடிப்பு, பூஞ்சை இருந்தா களிம்பு. உட்காரும்போது கால் மேல இருக்கணும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கணும், பாதத்துக்குப் பொருந்துற செருப்பு. நாத்தமும் அடிக்கடி வர்ற காய்ச்சலும் இதுலயே குறைஞ்சிடும். நிறைய பேருக்குக் காலும் கொஞ்சம் வத்தும். காய்ச்சல் நின்ன பிறகு, தோல் ஆறின பிறகு, மசாஜ் கட்டு பத்தி பேசலாம். மாத்திரை பத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்கச் சொல்லுங்க.

பாலக்கோடு, உங்க தழை வெட்டுற கேள்விக்கு இப்ப வர்றேன். வேலையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அசையாத கைதான் இன்னும் வீங்கும். எடைப் பயிற்சியை மெதுவா கூட்டிக்கிட்டே போனா இந்த வீக்கம் மோசமாகலன்னு 2009லயே ஆய்வு வந்தாச்சு. அதுல இருந்தவங்க பயிற்சியின்போது ஸ்லீவ் (கையை அழுத்திப் பிடிக்கிற எலாஸ்டிக் உறை) போட்டிருந்தாங்க, அதை மறக்காதீங்க. அரை கிலோவுல ஆரம்பிச்சு ஏத்தலாம். ஆனா தழைக்கட்டை இடது தோள்ல தூக்கிப் போடறது இப்போதைக்கு வேண்டாம். கயிறு தோள்ல அழுந்துற இடம்தான் நீங்க நீரைக் கொண்டு போற வழி.

பயப்பட வேண்டியது கனத்துக்கு இல்ல, கீறலுக்கு. மல்பெரித் தண்டு வெட்டும்போது முனை கையைக் கிழிக்கும். முழங்கை வரைக்கும் பருத்திக் கையுறை. புழு வீட்டுக்கு பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு அடிக்கிற அன்னைக்கு அதுக்கு மேல ரப்பர் கையுறை. அந்த வேலையை வேற யாராவது செஞ்சா இன்னும் நல்லது. மாங்கா சீசன்ல காம்பு ஒடிக்கும்போது பீச்சுற பால் தோலை வேக வச்சிடும், அதுவும் அந்தக் கையில படக்கூடாது. கீறல் விழுந்தா அப்பவே சோப்பு போட்டுக் கழுவி மருந்து தடவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் அப்பாதீங்க, அடியில சிவக்கிறது தெரியாமப் போகும். அடுப்படியில இடது கைக்குத் துணி பிடிச்சுத்தான் சட்டியை இறக்கணும். நகச் சதையைக் கிள்ள வேண்டாம். ஊசி, பிரஷர் எல்லாம் முடிஞ்ச வரைக்கும் வலது கையில. வளையல் இறுகினா கழட்டிடுங்க.

தேங்கா எண்ணெயை ராத்திரி தடவலாம்னு சிலர் சொல்வாங்க. ராத்திரியும் கட்டு இருக்கிற வரைக்கும் லோஷனே போதும். பின்னாடி ஸ்லீவ் வந்தப்புறமும் பகல்ல எண்ணெய் தடவிட்டு மாட்டக் கூடாது, அதோட எலாஸ்டிக் சீக்கிரம் போயிடும்.

தினமும் தருமபுரி போக முடியலன்னா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு எங்க சூளகிரி ஒன்றியத்து சாமனப்பள்ளியிலதான் அதைத் தொடங்கினாங்க. உங்க ஊர் சுகாதார நிலையத்துல பேரைப் பதியச் சொல்லிக் கேளுங்க. ஒண்ணு மட்டும், வர்றவங்க நிணநீர் மசாஜ் பழகினவங்களான்னு கேட்டுக்கோங்க. எல்லா பிசியோவுக்கும் இது தெரியாது, தெரியாதுன்னு சொல்றது தப்பும் இல்ல. அப்படின்னா தகடூர் எழுதினதை அச்செடுத்துக் காட்டுங்க, கட்டு மட்டுமாவது அவங்க சரியாக் கட்டிக் கொடுப்பாங்க.

பாலக்கோடு மல்பெரி:

விரலுக்கு காஸ் சுத்தல, அதுதான். இன்னிக்கு சுத்திக் கட்டினாங்க, சரியா இருக்கு. கடைசியா ஒண்ணு: இப்படி எத்தனை நாள்? ஸ்லீவ்க்கு எப்ப மாறலாம்?

தகடூர் பிசியோ:

வாரம் அஞ்சு நாள் வச்சு ரெண்டுல இருந்து நாலு வாரம். ரெண்டு வாரம் தொடர்ந்து அந்தக் கணக்கு (2058) குறையாம அப்படியே நின்னுச்சுன்னா வத்த வேண்டியது வத்திடுச்சுன்னு அர்த்தம். அப்ப ஸ்லீவ். நல்ல கை அளவுக்கே வந்துடணும்னு காத்திருக்க வேண்டாம், சிலருக்கு கொஞ்சம் மிச்சம் நிக்கும். லேசான வீக்கத்துக்கு 15 முதல் 21 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கிற முதல் வகுப்பு ஸ்லீவ் பெரும்பாலும் போதும், பத்தலன்னா 23 முதல் 32. விரல் வீங்குற கைன்னு தெரிஞ்சிடுச்சு, அதனால ஸ்லீவோட கையுறையும் சேர்த்தே வாங்குங்க. ஸ்லீவ் மட்டும் போட்டா நீர் புறங்கைக்கு இறங்கிடும். காலையில எழுந்ததும் மாட்டணும், படுக்கும்போது கழட்டணும். ரெண்டு வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க. ஆறு மாசத்துல அது தளர்ந்துடும், பார்க்க நல்லா இருந்தாலும் மாத்தணும். மசாஜை அதுக்கப்புறம் தினம் ஒரு வேளை, சுருக்கமா 15 நிமிஷம்: மூச்சு, கழுத்து, வலது அக்குள், இடது தொடை இடுக்கு, நெஞ்சு, விலா.

ஸ்லீவுக்கு அளவு எடுக்கறவங்க வந்தா காலையில, கட்டைப் பிரிச்ச கையோட எடுக்கச் சொல்லுங்க. சாயங்காலம் வீங்கின கையில எடுத்துத் தைச்ச ஸ்லீவ் மறுநாள் காலையிலயே தொளதொளன்னு நழுவி முழங்கையில சுருண்டு கிடக்கும், சுருண்ட இடத்துல மறுபடியும் வரி.